சந்திக்குச் சந்தி கோதண்டராமன்

செங்கல்பட்டு மாவட்டத்தில் கோதண்டராமனுக்குப் பதினேழு சிலைகள் இருக்கின்றன. நம்பாவிட்டால் போங்கள், எனக்கென்ன. ஒன்று மட்டும் உண்மை, அந்தப் பதினேழில் ஒன்றில்கூட அவர் தலை கிடையாது. தலையெல்லாம் தலைவர்களுடையது. கழுத்துக்குக் கீழே இருக்கிற தோளும் தொப்பையும் தூக்கிய கையும் கோதண்டராமனுடையவை.

ஓர் ஊரில் பேருந்து நிலையத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கட்சித் தலைவர் நிற்கிறார். எதிரே, அவரை வாழ்நாளெல்லாம் கரித்துக்கொட்டிய இன்னொரு கட்சித் தலைவர் நிற்கிறார். இரண்டு பேரும் ஒரே விரலை ஒரே உயரத்துக்கு நீட்டி, ஒரே தொப்பையைத் தள்ளிக்கொண்டு ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு தேர்தல் சமயத்தில் இந்தக் கட்சிக்காரன் அந்தச் சிலையைப் பார்த்து, "தொப்பைய பாரு, ஊரத் துன்ன தொப்ப" என்று மைக்கில் பேசியபோது, கூட்டத்தில் நின்றிருந்த கோதண்டராமனுக்கு வந்ததே கோபம். அவர் எந்தக் கட்சியும் இல்லை. ஆனால் தொப்பை அவருடையது ஆயிற்றே.

இது ஆரம்பித்த கதை சின்னது. மாமல்லபுரத்தில் ஐந்து ரதத்துக்குப் போகிற வழியில் ஹரிகிருஷ்ணன் ஸ்தபதியின் பட்டறை இருக்கிறது. முன்பக்கம் பிள்ளையார், புத்தர், தோட்டத்தில் வைக்கிற யானை எல்லாம் கருங்கல்லில். பின்பக்கத் தகரக் கொட்டகை தலைவர்களுக்கு. அங்கே முதலில் களிமண்ணில் முழு உருவம் செய்து, அதற்கு அச்சு எடுத்து, பிறகு வெண்கலத்தில் வார்ப்பார்கள். செய்யூருக்கு உள்ளே நல்லாம்பட்டு என்ற சவுக்குத்தோப்புக் கிராமத்திலிருந்து கல்லுக்கு மெருகு போடும் வேலைக்கு வந்தவர்தான் கோதண்டராமன்.

சாமிக்குச் சாத்திரத்தில் தலை முதல் கால்வரை அளவு உண்டு. தலைவருக்கு எந்தச் சாத்திரத்தில் அளவு தேடுவது? சிலைக்குச் சொல்ல வருகிறவர்கள் கையில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்றுதான் இருக்கும். கழுத்தோடு முடிந்துவிடும். அப்படி ஒருநாள் ஹரிகிருஷ்ணன் தலையைச் செய்துவிட்டு உடம்புக்குத் திண்டாடிக்கொண்டிருந்தபோது, டீ வாங்கிக்கொண்டு வந்த கோதண்டராமன் கண்ணில் பட்டார். "அண்ணாத்த, அந்த டீயை வெச்சுட்டு ஸ்டூல் மேல ஏறி நில்லுங்க. தோள்ல துண்டு போட்டுக்குங்க. கையைத் தூக்குங்க." தூக்கிய கைதான். இருபத்தைந்து வருஷம் ஆகிறது, இன்னும் இறக்கவில்லை.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. களிமண் உருவம் தயாரானதும் குடும்பத்தார் வந்து பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, "அவரேதான்" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். நன்றாக இருக்கிறது, பரவாயில்லை, போதும் என்றெல்லாம் சொன்னால் ஹரிகிருஷ்ணன் அச்சில் கை வைக்க மாட்டார். கட்சிக்காரர்கள் எத்தனை அவசரப்படுத்தினாலும் சரி. "சிலைக்கு மாலை போடுறது நீங்க. அழறது அவங்க. அவங்க சொல்லட்டும்" என்பார். இந்தப் பதினேழு பேருக்கும் முதல் தடவையிலேயே "அவரேதான்" கிடைத்தது. அதில் கோதண்டராமனுக்குத் தலைகால் தெரியாத பெருமை.

பெருமையை வீட்டில் காட்ட முடியுமா? அங்கேதான் மனைவி எல்லம்மாள் இருக்கிறாளே. "வூட்ல ஒரு கொடம் தண்ணி தூக்குன்னா இடுப்பு வலிக்குது. ரோட்டுல மட்டும் வெயிலு மழ பாக்காம கைய தூக்கினு நிக்கற" என்பாள். தேர்தல் அறிவித்ததும் சிலைகளுக்கெல்லாம் துணி சுற்றிவிடுவார்கள் அல்லவா, அப்போது பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகக் காட்டி, "அதோ, உன்ன மூட்ட கட்டி வெச்சிகீறாங்க" என்று சத்தமாகச் சொல்வாள், பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். ஆனால் அவளேதான் தலைவர் பிறந்த நாட்களில், "இன்னிக்கு உனக்கு மாலை விழுந்திச்சா?" என்று கேட்டுத் தெரிந்துகொள்வாள்.

இப்படிச் சிரிப்பும் பேச்சுமாக ஓடிக்கொண்டிருந்த மனிதருக்கு ஒரே ஓர் ஆளோடு மட்டும் ஆகாது. சேர்மன் உலகநாதன்.

ஆகாது என்றா சொன்னேன்? ஆகாமல் போனது என்று சொல்ல வேண்டும். இரண்டு பேரும் நல்லாம்பட்டில் அடுத்தடுத்த வீடு. ஒரே சைக்கிளில் செய்யூர் பள்ளிக்கூடத்துக்குப் போனவர்கள். ஒருவர் மிதிக்க, இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து திட்டிக்கொண்டே போவார். உலகநாதன் முதல்முறை பஞ்சாயத்துத் தலைவருக்கு நின்றபோது, ஊர்ச் சுவரெல்லாம் சுண்ணாம்பு அடித்தது கோதண்டராமன். பதினோரு ஓட்டில் ஜெயித்தார்கள். ஜெயித்தார் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் கோதண்டராமன் அன்று ஜெயித்தோம் என்றுதான் ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தார். பிறகு உலகநாதன் ஒன்றியச் சேர்மன் ஆனார். ரோடு போட்டார், தண்ணீர்த் தொட்டி கட்டினார், நாலு பேர் திட்டவும் திட்டினார்கள், எல்லாச் சேர்மனையும் போலத்தான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கோதண்டராமனின் மூத்த மகள் பிரதீபாவுக்குக் கல்யாணம். பத்திரிகையில் மணமக்கள் பெயரைவிடப் பெரிய எழுத்தில் "தலைமை: சேர்மன் உலகநாதன்" என்று அடித்தார். வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரில் போய்க் கொடுத்தார். "போடா, நான்தான்டா தாலி எடுத்துக் குடுப்பேன்" என்று பத்திரிகையை மடித்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார் உலகநாதன். கல்யாணத்தன்று முன்வரிசையில் ஒரு சோபா காலியாகக் கிடந்தது. முகூர்த்தம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்வரை ஐயரைப் பிடித்து நிறுத்தி வைத்தார் கோதண்டராமன். மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தார்கள். எல்லம்மாள் கண்ணாலேயே கெஞ்சினாள். தாலித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மண்டப வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார் மனிதர். உலகநாதன் வரவில்லை.

மறுநாள் கட்சிக்காரன் ஒருவன் பரிசுப் பொட்டலம் கொண்டுவந்தான். பிரித்தால் சுவர்க் கடிகாரம். நடுவில் உலகநாதன் கைகூப்பிச் சிரிக்கிற படம். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினாற்போல ஆயிற்று. "மணி பாக்கறப்பல்லாம் இவன் மூஞ்ச பாக்கணுமா?" என்று கொண்டுபோய் மாட்டுக்கொட்டகையில் மாட்டினார். எல்லம்மாள்தான் யாருக்கும் தெரியாமல் பேட்டரி மாற்றிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து உலகநாதனோடு பேச்சில்லை. எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

போன புரட்டாசியில் உலகநாதன் மாரடைப்பில் போய்விட்டார். ஊரே திரண்டது. கோதண்டராமன் போகவில்லை. அன்றைக்குப் பட்டறையில் ஒரு நந்திக்கு மெருகு போட்டார். காலையில் ஆரம்பித்துப் பொழுது சாய்கிறவரை ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார் என்று ஹரிகிருஷ்ணன் சொன்னார். அந்த நந்தியின் திமிலில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

தை மாதம் உலகநாதனின் மனைவி ரேணுகாவும் கட்சியின் ஒன்றியச் செயலாளரும் பட்டறைக்கு வந்தார்கள். முதலாண்டு நினைவு நாளுக்கு ஒன்றிய அலுவலகச் சந்தியில் சேர்மனுக்கு வெண்கலச் சிலை. கையில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ.

"இன்னா ஸ்தபதி, அவனுக்கு நான் நிக்கணுமா? வேற ஆள பாத்துக்க" என்றார் கோதண்டராமன்.

"வேற ஆளு எங்க அண்ணாத்த இருக்கு? இருபத்தஞ்சு வருஷமா உங்க உடம்பு மேலதான் தலை வெச்சுட்டு இருக்கேன். என் கையே உங்களுக்குப் பழகிடுச்சு."

அதற்கு மேல் மறுக்க அவரால் முடியவில்லை. "நிக்கறேன். தொழிலுக்கு நிக்கறேன். அவனுக்காவ இல்ல" என்று ஸ்டூலில் ஏறினார். துண்டு, தூக்கிய கை, நீட்டிய விரல். பதினேழு பேருக்கு நின்ற அதே நிலை, நூல் பிசகவில்லை.

மாசியில் ரேணுகா வந்து பார்த்தாள். சுற்றிச் சுற்றி வந்தாள். "தல அவருதான். ஒடம்பு யாரோ" என்றாள். ஹரிகிருஷ்ணன் தோளைக் கொஞ்சம் இறக்கினார். பத்து நாள் கழித்து மறுபடி வந்தாள். "இன்னும் யாரோதான்" என்றாள். செயலாளருக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னொரு தபா வந்து பாப்போம். அப்பவும் சரியா வரலன்னா வேற எடத்துல ரெடிமேடா வாங்கிக்கறோம். ஃபைபர்ல நாலு நாளுல தர்றானாம். கைய தூக்கினு நிக்கற தலைவரு எல்லாம் ஒண்ணுதானே" என்றார். அப்படி ஒரு பொம்மையை நிறுத்தினால் தான் திறப்பு விழாவுக்கே வரப்போவதில்லை என்று ரேணுகா சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஒரு விஷயம் இந்த உலகத்தில் ஓர் ஆளுக்கு மட்டும் தெரியும். உலகநாதன் எப்படி நிற்பார் என்பது. எட்டு வயதிலிருந்து பக்கத்தில் நின்று பார்த்தவர் ஒருவர்தானே. அதைத் தெரிந்துவைத்துக்கொண்டே, வேண்டுமென்றே வேறு மாதிரி நின்றார் கோதண்டராமன். நின்றதோடு போகவில்லை, வீட்டுக்கு வந்து சோற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சின்னவள் ஜெயப்பிரியாவுக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகைகள் அச்சாகி வந்திருந்தன. அதைக்கூட அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

எல்லம்மாளுக்குத் தெரியாதா என்ன. "நீ எப்டி நின்னனு நான் கேக்கல. எப்டி நிக்காம வுட்டனு எனக்குத் தெரியும்" என்றாள். "சாவுக்குத்தான் போவல. அதோட வுடேன்யா. செத்தவன் காலையும் வார்றியே."

மறுநாள் காலையில் பட்டறைக்குக் கிளம்பும்போது அவர் ஒரு பத்திரிகையை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எதற்கென்று அவருக்கே தெரியாது.

பங்குனி பிறந்திருந்தது. அன்றைக்குத்தான் ரேணுகா மூன்றாம் முறையாகச் சிலையைப் பார்க்க வந்தாள். செயலாளர் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தார். கொட்டகையில் கிடந்த ஒரு பாறைத் துண்டின் மேல் உட்கார்ந்து, கோதண்டராமனிடம் சொன்னாள்: "முப்பது வருஷம் குடும்பம் பண்ணேண்ணா. அவரு எப்டி நின்னாருன்னு கேட்டா சொல்லத் தெரியல. இது இல்லன்னு மட்டும் தெரியுது. நான் இன்னா பொம்பள?"

கோதண்டராமன் அவள் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கறேன் தங்கச்சி, தப்பா எடுத்துக்காத. எங்க பிரதீபா கல்யாணத்துக்கு அவன் ஏன் வரல?"

ரேணுகா தலையைக் குனிந்துகொண்டாள். "அவரு பாக்கெட்டு தெரியுமில்ல உங்களுக்கு? டைரி கெடையாது, ஒண்ணும் கெடையாது. யாரு பத்திரிகை குடுத்தாலும் பாக்கெட்டுல சொருகிக்குவாரு. முகூர்த்த நாளு காலைல ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்துட்டு, மண்டபம் மண்டபமா கெளம்புவாரு."

"தெரியும்."

"உங்க பத்திரிகை இருந்த சட்டைய நான் தொவச்சிட்டேண்ணா. பாக்கெட்ட பாக்காம ஊற வெச்சிட்டேன். கூழா போச்சி. திட்டுவாருன்னு பயந்துகினு நானும் வாய தொறக்கல. அவரு உங்க வூட்டு கல்யாணம் அடுத்த முகூர்த்தம்னு மனசுல வெச்சிகினு இருந்துட்டாரு. அன்னிக்கு ஏழு கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்து சோத்துல உக்காந்தாரு. யாரோ வந்து, கோதண்டம் வூட்டு கல்யாணத்துல உங்கள காணமேன்னாங்க. அப்டியே எயுந்துட்டாரு. அப்புறம் ரெண்டு நாளு சோறு எறங்கல."

"வந்து சொல்ல வேண்டியதுதானே? நான் இன்னா கடிச்சா துன்னுடுவேன்?"

"சொல்லுன்னு நானும் அடிச்சிகினேன். தாலிய கையில வெச்சிகினு நின்னானாம், நான் எந்த மூஞ்ச வெச்சிகினு அவன் முன்னாடி போவேன்னாரு. அதான் கடியாரத்த குடுத்தனுப்சாரு."

"மூஞ்சி இல்லன்னவன், கடியாரத்துல மூஞ்சி போட்டு அனுப்சானா?" என்றார் கோதண்டராமன்.

ரேணுகாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு அவருக்கும் வந்தது. தொப்பை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பன்னிரண்டு வருஷம் ஒரு சலவைச் சோப்பின்மேல் கோபித்துக்கொண்டிருந்தோமே என்று அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, அடக்க முடியாத துக்கமாகவும் இருந்தது. இந்த எழவெடுத்தவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் செருப்பால் இரண்டு அடி அடித்துவிட்டு அன்றைக்கே மறந்திருப்பார்.

துண்டை எடுத்து எறிந்தார். ஸ்டூலில் ஏறினார்.

"ஸ்தபதி, அத்த கலைச்சிட்டு இப்ப பாரு."

உடம்பின் பாரத்தை இடது காலில் போட்டார். இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டார். உலகநாதனுக்கு இடது காது கொஞ்சம் மந்தம். யார் பேசினாலும் வலது காதைக் கொடுப்பார். அதற்காகத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, எதிரே தன்னைவிடக் குட்டையான யாரோ மனுவை நீட்டிக்கொண்டு நிற்பதுபோல இடுப்பை லேசாக வளைத்தார். ஹரிகிருஷ்ணன் களிமண்ணைக் கையில் எடுத்தார்.

போனை முடித்துக்கொண்டு வந்த செயலாளர் அலறினார். "இன்னாது இது, டீக்கடையில நிக்கற மாரி கீது? வெரலத் தூக்கச் சொல்லுங்க."

"அவரு எப்பவும் டீக்கடையிலதான் நின்னாரு" என்றாள் ரேணுகா. "யாரையும் வெரல் காட்டிப் பேசினது கெடையாது."

உருவம் எழுந்துவருவதை எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வாக்கில் புருவத்தைச் சுருக்கினாள். "எல்லாம் சரியாதான் கீது. பாக்கெட்டு மட்டும் காலியா கீது. அவரு பாக்கெட்டு எப்பவும் உப்பிகினுதான் இருக்கும்."

கோதண்டராமன் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். காலையில் மடித்து வைத்த பத்திரிகை அப்படியே இருந்தது. அதை வெளியே எடுத்து, பையை விட்டு விளிம்பு வெளியே தெரிகிறமாதிரி மறுபடி செருகிக்கொண்டார். "ஜெயப்பிரியா கல்யாணம்டா. வைகாசி பத்து. செய்யூரு மண்டபம்" என்று களிமண் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "இத்த யாரும் தொவைக்க முடியாது."

ஹரிகிருஷ்ணன் அந்த மடிப்பையும் விளிம்பையும் அப்படியே களிமண்ணில் எடுத்தார். ரேணுகா கிட்டே வந்தாள். மந்தமில்லாத அந்த வலது காதுப் பக்கம் போய் நின்று, நிமிர்ந்து பார்த்தாள்.

"அவரேதான்" என்றாள்.

வைகாசி பத்து வந்தது. இந்தப் பத்திரிகையில் தலைமை, முன்னிலை என்று ஒரு தலைவர் பெயரும் இல்லை. வெண்கலம் இன்னும் வார்ப்பில் இருந்தது, புரட்டாசியில்தான் திறப்பு. ரேணுகா விடியற்காலையிலேயே மண்டபத்துக்கு வந்து, அந்த முன்வரிசைச் சோபாவில் உட்கார வைக்கப்பட்டிருந்தாள். மாட்டுக்கொட்டகைக் கடிகாரம் எப்படியோ மணமேடைக்கு எதிர்ச் சுவருக்கு வந்து சேர்ந்திருந்தது. யார் மாட்டியது என்று கேட்டால் எல்லம்மாள் காதில் விழாதமாதிரி இருந்துவிட்டாள். ஐயர் இந்தமுறை யாருக்காகவும் காத்திருக்கவில்லை, நேரத்துக்குத் தாலி ஏறியது.

மேளம் ஓய்ந்ததும் எல்லம்மாள் புருஷனைத் தேடினாள். மேடையில் இல்லை. மண்டப வாசலில் வந்தவர்களிடம் பேசிக்கொண்டு நின்றிருந்தார். இடது காலில் பாரம். முதுகுக்குப் பின்னால் முழங்கையைப் பிடித்த கை. ஒரு பக்கம் சாய்ந்த தலை. சட்டைப் பையில் பத்திரிகை விளிம்பு தெரிந்தது.

"இன்னாய்யா இது, சேர்மன் மாரி நின்னுகினு கீற?"

"பத்திரிகை வெச்சேன் இல்ல" என்றார் கோதண்டராமன். "வந்துகீறான்."

எல்லம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவர் சட்டைப் பையைச் சரிசெய்தாள்.

"வந்தவர வாசல்லயே நிக்க வெச்சி அனுப்பாத. மொத பந்தி போட்டாச்சி. உக்காந்து துன்னச் சொல்லு."